இரவில் மட்டும் வந்த நீலக் கோடு

ங்ங்ங் என்று ஒரு முனகலும், அதன் நடுவே கண்ணாடி கண்ணாடியோடு உரசுகிற சின்னக் கிணுகிணுப்பும் கதவுக்கு வெளியிலேயே கேட்டால், அன்றைக்குக் கிருமிகள் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். மலேரியா வளர்க்கிறவனின் தொழிலில் பாதி காதால் பார்க்கிற தொழில். முனகல் கேட்காவிட்டால் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் சூட்டுப்பெட்டி ஆறிக்கொண்டிருக்கிறது. சூட்டுப்பெட்டி ஆறினால் நாளைக்குக் காலையில் நாலு பேர் என்னைச் சுற்றி நின்று, நான்தான் மின்சார சபை என்பது போலக் கேள்வி கேட்பார்கள். ஆகவே சுவிட்சைத் தொடும் முன் ஒரு நிமிடம் இருட்டில் நின்று காது கொடுப்பேன்.

எம்பிலிப்பிட்டியவுக்கு வெளியே, வாய்க்கால் கரையில் இருக்கிற ஒரு சின்ன ஆராய்ச்சி நிலையம் அது. பெயர்ப்பலகையில் எழுத்துகள் வெயிலில் அழிந்துவிட்டதால், பெயரைச் சொல்லாமல் விடுவதில் எனக்குச் சிரமமில்லை. தேயிலை பெக்டரியில் இரவு முறை பார்ப்பவர்கள், ஆஸ்பத்திரி வார்டில் விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்கள், வாச்சர்மார், பேக்கரிக்காரர்கள் ஆகிய உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பகலில் சூடான கூரைக்குக் கீழே தூக்கம் வராமல் புரண்டு, பக்கத்து அறை ரேடியோவைச் சபித்தவர்களுக்கு மிச்சத்தை நான் விளக்கத் தேவையில்லை.

காய்ச்சலுக்கு விளக்கு

என் வேலையைத் தோட்டத்து வரிசைவீடுகளான லயத்தில் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாடு பெரிது. கண்ணாடித் தட்டுகளில் மனித இரத்தம் இருக்கும். இரத்தத்துக்குள் கிருமி இருக்கும். தட்டுகளைப் பெரிய கண்ணாடி ஜாடிக்குள் அடுக்கி, நடுவில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, காற்றுப் புகாமல் மூடவேண்டும். சுடர் உள்ளே இருக்கிற காற்றைத் தின்றுவிட்டுத் தானாக அணையும். அப்போது மிஞ்சுகிற காற்றுதான் கிருமிக்குப் பிடித்த காற்று. பிறகு ஜாடியை உடம்புச் சூட்டில் வைத்தால் போதும். இவ்வளவு பெரிய விஞ்ஞானத்தின் நடுவே, சில்லறைக் கடையில் வாங்கின மெழுகுவர்த்தி நிற்பதை முதலில் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

என் மனைவி செல்வராணி ஓப்பநாயக்கவுக்குக் கீழே ஓர் இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போய்வருகிற புருஷன். ஒருமுறை ஏதோ வேலையாக டவுனுக்கு வந்தவள், மாலை ஆறு மணிக்கு நிலையத்துக்கும் வந்து வாசலில் நின்றாள். நான் கை கால் கழுவி, வெள்ளைக் கோட்டைப் போட்டு, மெழுகுவர்த்தியை ஏற்றி, மூடியை வைத்து, சுடர் அணையும் வரை குனிந்து பார்த்துக்கொண்டே நின்றதை முழுக்கக் கவனித்தாள். பஸ்ஸுக்குப் போகும் வழியில்தான் வாயைத் திறந்தாள். "சாமிக்கு ஏத்துனாலாச்சும் ஒரு வரம் கெடைக்கும். நீங்க காய்ச்சலுக்கு ஏத்திட்டுல்ல நிக்கிறீங்க!"

கடிதம் இல்லாத கண்

நான் அங்கே சேர்ந்தது புல் வெட்ட. பிறகு கண்ணாடிச் சாமான் கழுவ உள்ளே கூப்பிட்டார்கள். கழுவினவன் சும்மா இருக்காமல், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன். இரத்த அணுவுக்குள் சின்ன மோதிரம் ஒன்று தெரிந்தது, ஒரு பக்கம் கல் பதித்த மாதிரி. அதுதான் கிருமியின் குழந்தைப் பருவம். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குப்பைக்கூடையில் கிடந்த குறிப்புத்தாள்களை எடுத்து, கிழிந்த அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் என்று படித்தேன். மோதிரம் தடித்துப் பெரிசாகும்; பிறகு பல துண்டாகப் பிரிந்து, அணுவை வெடித்துக்கொண்டு வெளியே வந்து, புதிய அணுக்களுக்குள் குடிபுகும். இதெல்லாம் நடக்க நாற்பத்தெட்டு மணிநேரம். கிருமி எண்ணுவதில் என் கணக்குச் சரியாக வருகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் பவானி மிஸ், எங்கள் ஆராய்ச்சியாளர், யாழ்ப்பாணத்துக்காரர். அவர்தான் என்னை இரவு வேலைக்குப் போட்டார்.

ஆனால் பதிவேட்டில் நான் ஒன்பது வருடமாகத் 'தற்காலிகத் தொழிலாளி, புல்வெட்டு.' எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கடிதம். நிரந்தரம் என்று அதில் எழுதியிருந்தால் நிலையத்துக் குவாட்டர்ஸில் இரண்டு அறை கிடைக்கும். செல்வராணி கத்தியைக் கீழே வைத்துவிட்டு வரலாம். ஞாயிற்றுக்கிழமைப் புருஷன் முழுநேரப் புருஷன் ஆகலாம். பணிப்பாளர் ஒருமுறை கொழும்பிலிருந்து வந்தபோது மிஸ் என்னை அவர் முன்னால் நிறுத்தினார். கிருமியின் மூன்று பருவங்களையும் சிங்களத்தில் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு பேனாவை மூடிக்கொண்டு சொன்னார்: "எல்லாம் சரி. இவருக்கு இது தெரியும் என்பதற்குக் கடிதம் இல்லை, தெரியாது என்பதற்கும் கடிதம் இல்லை. நான் எதை நம்பிக் கையெழுத்துப் போடுவது?"

சின்னசாமியின் வாரிசு

எங்கள் ஜாடியில் வளர்ந்த கிருமிக்கு ஒரு நம்பர் இருந்தது. நம்பருக்கு முன்னால் அதற்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். சின்னசாமி மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைக்கிறவர். நடுங்கிக்கொண்டு வந்தவரிடம் சம்மதம் கேட்டு, ஒரு குழாய் இரத்தம் எடுத்து, மாத்திரை கொடுத்து அனுப்பினோம். மற்றவர்களுடைய கிருமியெல்லாம் தட்டில் இரண்டு நாள் இருந்து செத்துப்போக, சின்னசாமியுடையது மட்டும் பிழைத்துக்கொண்டது. அவரைப் போலவே அதுவும் எதைப் போட்டாலும் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தது.

சுகமான பிறகும் டவுனுக்கு வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். ஒருநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, "எப்படி இருக்குதுங்க நம்மாளு?" என்று கேட்டார். நுணுக்குக்காட்டியில் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். நான் இரவெல்லாம் கண்விழித்து அதற்கு இரத்தம் மாற்றுவது, சூடு பார்ப்பது எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "எனக்குள்ள இருந்தப்ப அதக் கொல்ல மாத்திர குடுத்தீங்க. இப்ப அது சாகக்கூடாதுன்னு முழிச்சிருக்கீங்க. அதுக்கு இருக்கிற மரியாத எனக்கு இல்லையேங்க!"

கிறீஸ் டின்

ஜாடி மூடியின் விளிம்பில் கிறீஸ் தடவினால்தான் காற்றுப் புகாது. அதற்கென்று வெளிநாட்டிலிருந்து வந்த வெள்ளைக் கிறீஸ் ஒரே ஒரு டின் இருந்தது. அது ஸ்டோர் அலுமாரியில் இருந்தது. அலுமாரியின் திறப்பு, அதாவது சாவி, ஸ்டோர் பொறுப்பாளர் பியதாச மாத்தையாவின் இடுப்பில் இருந்தது. பியதாச மாத்தையா நாலேகாலுக்கு வீட்டில் இருந்தார். என் வேலை ஆறு மணிக்குத் தொடங்கியது. இந்த ஐந்து வசனங்களும் தனித்தனியே குற்றமில்லாதவை.

எங்களிடம் மூன்று ஜாடிகள். காலை ஜாடி, மாலை ஜாடி, இரவு ஜாடி. முதல் இரண்டையும் மிஸ் பகலில் பார்த்துக்கொள்வார். கிறீஸும் பகலில் கிடைக்கும். இரவு ஜாடி என் பொறுப்பு. ஒரு தீப்பெட்டியளவு கிறீஸ் எடுத்து எனக்கென்று வைத்துவிட்டுப் போங்கள் என்று பியதாச மாத்தையாவிடம் கேட்டேன். இரவு விநியோகத்துக்குப் படிவம் இல்லை என்றார். படிவம் அடிக்கலாமே என்றேன். படிவம் அடிக்க, இரவில் உத்தியோகத்தர் ஒருவர் இருக்கவேண்டும் என்றார். நான் இருக்கிறேனே என்றேன். புத்தகத்தைப் புரட்டி, என் பெயருக்கு எதிரே 'புல்வெட்டு' என்று இருப்பதை விரலால் தொட்டுக் காட்டினார்.

தேங்காயெண்ணெய் போட்டுப் பார்த்தேன். சூட்டில் வழிந்து தட்டுக்குள் இறங்கியது. சவர்க்காரம் காய்ந்து வெடித்தது. அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து ஒரு போத்தல் இறப்பர் பால் கொண்டுவந்தேன். உறையாமலிருக்க அமோனியா இரண்டு சொட்டு விட்ட பால். விரலால் விளிம்பில் ஒரு சுற்றுப் பூசினால் கொஞ்ச நேரத்தில் தோல் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். திறக்கும்போது ஒரு முனையை இழுத்தால் நாடா போல உரிந்து வரும். இதைவிட நல்ல அடைப்பு கொழும்பிலும் கிடையாது என்று எனக்குள் ஒரு தோட்டத்துக் கர்வம். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரே ஒருமுறை, கிறீஸ் இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறாய் என்று பியதாச மாத்தையா கேட்பாரா என்று பார்த்தேன். தம்பி என்பதைச் சிங்களத்தில் மல்லி என்று கூப்பிட்டு அவர் கேட்டது வேறு: "மல்லி, ராத்திரிக்குக் கிறீஸ் ஓணும்னு எந்த சர்க்குலர்ல இருக்கு, காட்டு?"

பாரம் குறைந்தவள் முதலில் வருவாள்

பவானி மிஸ்ஸின் ஆராய்ச்சி, கிருமி எந்த வயதில் எந்தப் புரதத்தைச் செய்கிறது என்று பார்ப்பது. அது தெரிந்தால், எந்த வயதில் அதை எங்கே அடிக்கலாம் என்று தெரியும். முதலில் எல்லாக் கிருமியையும் ஒரே வயதாக்க வேண்டும். அதற்கொரு சர்க்கரைத் தண்ணீர் உண்டு. அது மூத்ததைக் கொன்றுவிட்டுக் குழந்தைகளை மட்டும் விட்டுவைக்கும். பிறகு எட்டு மணிநேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கிருமியை எடுத்துக் கழுவி, குளிரில் வைக்கவேண்டும்: காலை எட்டு, மாலை நாலு, நடுச்சாமம், மறுநாளும் அப்படியே. ஆறு தடவையில் இரண்டு தடவை, நடுச்சாம முறை, என்னுடையது. கடைசியில் ஆறையும் கொதிக்கவைத்து, இரண்டு கண்ணாடிக்கு நடுவே உறைந்த பசைப் பலகையின் பள்ளங்களில் விட்டுக் கரண்ட் கொடுப்பார். கொழுந்து நிறுக்க மலையிலிருந்து மடுவக் கொட்டகைக்கு இறங்குகிற பெண்களைப் போலத்தான்: பாரம் குறைந்த புரதம் விறுவிறுவென்று கீழே வந்துவிடும், பாரம் கூடியது மேலேயே திணறிக்கொண்டு நிற்கும். பலகையை நீலச் சாயத்தில் போட்டு, வினாகிரி வாடை அடிக்கும் தண்ணீரில் இரவெல்லாம் அலசினால், புரதம் நின்ற இடமெல்லாம் நீலக் கோடாகத் தெரியும். அலசுகிற தண்ணீரை மாற்றுவது நான். விடியற்காலையில் நீலமாய்க் கிடந்த பலகை மெல்ல மெல்ல வெளுத்துக் கோடுகள் எழுவதைப் பார்ப்பதுதான், இந்த உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சுகம்.

ஒரு விடியலில், மூன்றாம் பள்ளத்திலும் ஆறாம் பள்ளத்திலும் மட்டும் புதிதாக ஒரு தடித்த கோடு. அதாவது கிருமிக்குப் பதினாறு மணிநேர வயதிலும் நாற்பது மணிநேர வயதிலும். மிஸ் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திரும்பச் செய்தார், திரும்ப வந்தது. மூன்றாம் தடவையும் வந்தது. "குழந்தையும் கிழவனும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிக்கிற மாதிரியெல்லே இருக்கு" என்று அவருக்குக் கொஞ்சம் குழப்பம். பணிப்பாளருக்குக் குழப்பமே இல்லை. கொழும்பிலிருந்து நாலு பேரோடு வந்து, விசேஷத்துக்கு வைக்கிற பாற்சோறு வெட்டி, கிருமிக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்றும், அந்தக் கடிகாரத்தின் முள்தான் இந்தக் கோடு என்றும் அரைமணி நேரம் பேசினார். கூட வந்த ஒருவர் எங்கள் மாகாணத்தின் பெயரால் 'சபரகமுவக் கோடு' என்று பெயரே வைத்துவிட்டார்.

ஆராய்ச்சியை இன்னும் மூன்று வருடம் நீடிக்க விண்ணப்பம் எழுதினார்கள். அதற்கு அத்தாட்சி இந்தக் கோடு. ஆட்கள் பட்டியலில் கடைசியாக ஒரு பெயர்: முத்துலிங்கம், இரவு ஆய்வு உதவியாளர், நிரந்தரம். மிஸ் அதைக் காட்டியபோது எனக்கு எழுத்து மங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வராணி, குவாட்டர்ஸ் ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கும் என்று இரண்டு தடவை கேட்டாள். மிஸ் அன்று சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. "இந்தக் கோடு என்னை மட்டுமில்லை முத்துலிங்கம், உங்களையும் ஒரு கரையிலை கொண்டுபோய்ச் சேர்க்கும், பாருங்கோ."

நேரம் தவறிய கிருமி

ஐந்தாம் தடவை செய்யும்போது காலையில் கரண்ட் போய்விட்டது. எட்டு மணிக்குத் தொடங்கவேண்டியதை மாலை நாலு மணிக்குத்தான் தொடங்க முடிந்தது. அதனால் என்ன? கிருமியின் வயதை அந்த நாலு மணியிலிருந்து எண்ணினால் சரி. இந்த முறை நான் நடுச்சாமத்தில் எடுக்கும்போது அதற்கு வயது எட்டு, அடுத்த சாமம் முப்பத்திரண்டு. கோடு வரவேண்டியது பதினாறிலும் நாற்பதிலும். அதாவது காலை எட்டு மணிக்கு மிஸ் எடுக்கிற குழாய்களில்.

கோடு வந்தது. எட்டிலும் முப்பத்திரண்டிலும் வந்தது. பதினாறிலும் நாற்பதிலும் சுத்த வெள்ளை. நான் வெளுத்த பலகையை விளக்குக்கு நேரே பிடித்து, திருப்பிப் பிடித்து, தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தேன். கிருமியின் வயது எதுவாக இருந்தாலும் அந்தக் கோட்டுக்குக் கவலையில்லை. அதற்குத் தெரிந்தது சுவர்க் கடிகாரம் மட்டுந்தான். நிலையத்தில் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து நடுச்சாமத்தில் எழும்புகிற பிராணி, கிருமியை விட்டால், நான் ஒருவன்தான்.

குழாய் மாறியிருக்கும் என்று மிஸ் நினைத்தார். நான் மாறவில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு பணிப்பாளருக்கு டெலிபோன் எடுத்தார். பெரிய டெலிபோன், பணிப்பாளர் சொன்னது அடுத்த அறைக்கும் கேட்டது. "கரண்ட் போனதால் கிருமி நேரம் தவறியிருக்கலாம், பவானி. கிருமி தவறலாம். விண்ணப்பம் போய்விட்டது."

செல்வராணியின் விரல்

அந்த ஞாயிற்றுக்கிழமை தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். செல்வராணி பால் வெட்டிவிட்டு வந்து எதிரே குந்தி, விரல்களில் காய்ந்திருந்த பாலை உரித்துக்கொண்டிருந்தாள். சின்னச் சின்ன வெள்ளைத் தோல். உரித்து உருட்டிப் போட்டாள். கை கழுவாமல் அப்படியே தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

நான் செய்வதும் அதேதான். சாமத்தில் மூடியிலிருந்து பாலை உரிப்பேன், உருட்டிப் போடுவேன், அதே விரலால் கிருமிக் குழாயைப் பிடிப்பேன். கையுறையும் அதே அலுமாரியில்தான் பூட்டிக் கிடந்தது. இறப்பர் பாலில் புரதம் இல்லாமலா இருக்கும்? மரமும் ஓர் உயிர்தானே.

நடந்ததை அவளிடம் சொன்னேன். கடிதத்தைச் சொன்னேன். நான் வாயைத் திறந்தால் குவாட்டர்ஸ் போய்விடும் என்பதையும் சொன்னேன். கடைசித் தோலையும் உரித்து முடிக்கும் வரை அவள் நிமிரவில்லை. பிறகு சிரித்தாளா, கோபித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "அப்ப ஆறு மாசமா பெரிய பெரிய ஆளுங்கல்லாம் கண்ணாடி போட்டுப் பாத்தது எம் மரத்துப் பாலத்தானா? மொதல்ல எனக்கு ஒரு கடிதாசி போடச் சொல்லுங்க!"

பத்தாவது பள்ளம்

பசைப் பலகையில் பத்துப் பள்ளம் இருக்கும். கடைசிப் பள்ளம் எப்போதும் காலி. செவ்வாய்க்கிழமை மிஸ்ஸிடம் ஒரு சின்னக் குழாயை நீட்டி, இதையும் அதில் விடுங்கள், ஒரு சந்தேகம் என்றேன். என்ன என்று அவர் கேட்கவில்லை. ஒன்பது வருடத்தில் நான் அப்படிக் கேட்டதே இல்லை என்பதால், கேட்காமல் விட்டார்.

விடிகிற நேரத்தில் பலகை வெளுத்தது; அதில் விட்டிருந்தவை கரண்ட் போகாத முந்திய தடவையின் குழாய்கள். மூன்றாம் பள்ளத்தில் கோடு, ஆறாம் பள்ளத்தில் கோடு. பத்தாம் பள்ளத்தில், கிருமியே இல்லாத, போத்தலிலிருந்து நேரே எடுத்துக் கொதிக்கவைத்த பால் விட்ட பள்ளத்தில், அதே மட்டத்தில், அடிமட்டம் வைத்து இழுத்தாற்போல, பெருவிரல் தடிமனில் ஒரு கோடு.

மிஸ் வர இரண்டு மணிநேரம் இருந்தது. மேசையில் பிளேட் இருந்தது. பலகையின் ஓரம் கிழிவது தினமும் நடக்கிறது. ஓர் ஓரத்தை வெட்டிக் குப்பையில் போட்டால், நேற்று விட்டதில் ஏதும் தெரியவில்லை என்று சொன்னால், இரண்டு அறை, ஒரு ஜன்னல், செல்வராணி. நான் நல்லவன் என்பதற்காகப் பிளேடை எடுக்காமல் விட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம்; எடுத்தேன். கையில் பிடித்துக்கொண்டும் நின்றேன். ஆனால் கடிதம் எதுவும் இல்லாத எனக்கு, அந்த நிலையத்தில் இருந்த ஒரே அந்தஸ்து, முத்துலிங்கம் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுவான் என்பதுதான். அதையும் வெட்டிப் போட்டுவிட்டு நிரந்தரமாவதற்கு அங்கே யார் மிஞ்சியிருப்பார்? ஜாடியின் அடியில் வழிந்து கிடந்த மெழுகைச் சுரண்டிவிட்டுப் பிளேடை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

மிஸ் எட்டு மணிக்கு வந்தார். பத்தாவது பள்ளத்தைப் பார்த்தார். "இதென்ன?" என்றார். இறப்பர் பால் என்றேன். ஏன் என்றார். கிறீஸ் இல்லை என்றேன். ஏன் என்றார். அலுமாரி பூட்டியிருக்கும் என்றேன். நான் அழுகையை எதிர்பார்த்தேன், ஏச்சையும் எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், திரும்பவும் கழற்றினார். "ஆறு மாசமாய்க் கிருமியின்ரை புரதத்தைப் பார்க்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன், முத்துலிங்கம். நான் பார்த்தது பியதாசவின்ரை பூட்டை."

விசாரணை

மிஸ் அன்றே உண்மையை எழுதி அனுப்பிவிட்டார். அவருக்கும் அது சின்ன இழப்பில்லை. கொழும்பு மாநாட்டில் அவர் பெயரை ஏற்கெனவே அச்சடித்திருந்தார்கள். பணிப்பாளர் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தார். கோடு எப்படிப் பிழையானது என்பது பற்றி விசாரணை இல்லை. அனுமதியில்லாமல் தோட்டத்து இறப்பர் அரச வளவுக்குள் எப்படி வந்தது என்பதுதான் விசாரணை. போத்தலை மேசையில் சாட்சியாக வைத்தார்கள். இரண்டாம் நாள் பால் உறைந்து, போத்தலை மேசையிலிருந்து பிரிக்க முடியவில்லை.

இரவு ஊழியருக்குக் கிறீஸ் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டதற்குப் பியதாச மாத்தையா, இரவு ஊழியர் என்று யாரும் பதிவேட்டில் இல்லை என்றார். அப்படியானால் இறப்பர் பூசியது யார் என்று கேட்டார்கள். புல் வெட்டுகிறவர் என்றார். குழு அதைக் குறித்துக்கொண்டது. முடிவில் மூன்று உத்தரவுகள் வந்தன. நீடிப்பு விண்ணப்பம் திரும்பப் பெறப்படும். ஆட்கள் பட்டியல் ரத்து. இரவில் கிறீஸ் எடுக்க அலுமாரிக்கு இரண்டாம் திறப்பு ஒன்று செய்து, முத்துலிங்கம் வசம் ஒப்படைக்கப்படும்.

திறப்பை வாங்கப் போனேன். பியதாச மாத்தையா இரண்டு பிரதியில் கையெழுத்து வாங்கினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அன்றைக்கு எனக்கு ஒரு தேத்தண்ணீரும் ஊற்றிக் கொடுத்தார். திறப்பை என் உள்ளங்கையில் வைத்து அழுத்திச் சொன்னார்: "ஹரி மல்லி, எல்லாம் சரி, இனிப் பயம் வேணாம். திறப்பு நிரந்தரம். நீ மட்டும் ஒவ்வொரு நாளும் சைன் பண்ணு."

மிஞ்சியது

மிஸ் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். இந்த முறை கிறீஸ் போட்டு, கையுறை போட்டு, பத்தாவது பள்ளத்தில் எங்கள் கையில் படுகிற எல்லாவற்றையும் முறைவைத்து விட்டுப் பார்த்து. இரண்டு வருடத்தில் ஒரு மெல்லிய கோடு கிடைத்தது. கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும். அது கிருமியின் வயதோடு நகர்ந்தது. கடிகாரத்தை மாற்றினாலும், ஆளை மாற்றினாலும், கிருமி முதிர்கிற வேளையில் மட்டும் வந்தது. அதைப் பார்க்கக் கொழும்பிலிருந்து யாரும் வரவில்லை, பாற்சோறும் இல்லை. மிஸ் கடையில் இரண்டு பணிஸ் ரொட்டி வாங்கிவந்து, ஒன்றை என்னிடம் தந்தார். நாங்கள் நின்றபடியே சாப்பிட்டோம்.

இப்போது இந்தப் பக்கம் காய்ச்சல்காரர் வருவது அரிதாகிவிட்டது. மருந்தடித்தார்கள், வலை கொடுத்தார்கள், இரத்தம் சோதித்தார்கள். வந்த வழியே மலேரியா போய்க்கொண்டிருக்கிறது. நல்லதுதான். மிஸ் மாற்றலாகிப் போய்விட்டார். செல்வராணி இன்னும் வெட்டுகிறாள்; முழங்கால்தான் சொன்னபடி கேட்பதில்லை. நான் இன்னும் ஞாயிற்றுக்கிழமைப் புருஷன். நேற்று மாலை சின்னசாமி வந்தார், தலை நரைத்து, வழக்கமான வாழைப்பழத்தோடு. ஜாடிக்குள் குனிந்து பார்த்தார். "ஊர்ல எல்லாருக்கும் விட்டுப்போச்சாமே. அப்ப நம்ம பய ஒருத்தன்தான் பாக்கியா? பத்திரமா பாத்துக்குங்க, நீங்க இல்லாட்டி அவனுக்கு நாதியில்ல!"

ஆக, இந்த வட்டாரத்தில் நிரந்தர இருப்பிடம் கிடைத்த மலேரியா ஒன்று உண்டென்றால் அது என் ஜாடிக்குள் இருப்பதுதான், அதை உயிரோடு வைத்திருக்கிறவன் பதிவேட்டின்படி இன்னும் புல் வெட்டிக்கொண்டிருக்கிறான். மணி ஆறாகிறது, சைன் பண்ணிவிட்டு, விரல் நுனியில் கிறீஸ் எடுத்து மூடியின் விளிம்பில் ஒரு சுற்றுத் தடவி, தீப்பெட்டியைத் தேடுகிறேன்.